மதிலோரத்துக்கு ஒல்லி மரம்: எதை நடலாம், எதை விடலாம்

பக்கத்து மனையில் இரண்டாவது மாடி எழும்பிவிட்டால் நம் படுக்கையறை ஜன்னலும் துணி காயப்போடும் கொடியும் அவர்கள் பால்கனிக்குக் காட்சிப்பொருள் ஆகிவிடும். மதிலை உயர்த்தினால் செலவு, சண்டை இரண்டும் வரும். சரி, மரம் வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனால், "நல்லா ஹைட் போகும் சார்" என்று ஏதோ ஒரு கன்றைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். உயரம் போகிற மரத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. நாம் கேட்க வேண்டியது அகலத்தை. பத்து வருஷம் கழித்து இது பக்கவாட்டில் எத்தனை அடி வரும்? அடுத்த கேள்வி, அது எதனால் விரியாமல் நிற்கிறது? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் மரத்தைக் கெடுக்காமல் வளர்க்க முடியும்.

ஒல்லியாக நிற்கும் பசுமைமாறா மரங்கள் மூன்று விதம். கிளைகள் மேல்நோக்கி எழுந்து தண்டோடு ஒட்டி நிற்பவை ஒன்று: துஜா, சைப்ரஸ். கிளைகள் கீழ்நோக்கித் தொங்கித் தண்டைப் போர்த்திக்கொள்பவை இன்னொன்று: நெட்டிலிங்கம். கிளையே இல்லாதவை மூன்றாவது: கமுகு, மற்ற பனை வகைகள். மூன்றும் மூன்று விதமாகக் கெடும். முதல் வகை மழைப் பாரத்தில் நடுவில் பிளந்து விரியும். இரண்டாவது, உச்சியை வெட்டினால் தலைவிரி கோலமாகும். மூன்றாவதில் குருத்தை வெட்டினால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

முதலில் டேப்பை எடுங்கள்

கன்று வாங்கும் முன் அளக்க வேண்டியது மரம் எவ்வளவு உயரம் தேவை என்பதை. பலர் மாடி உயரத்துக்கே மரம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. நம் ஜன்னலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 5 அடி உயரம். எதிர்வீட்டு மேல்மாடி ஜன்னல் 25 அடி உயரத்தில், 25 அடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். மரம் நம் ஜன்னலிலிருந்து 6 அடி தள்ளி நின்றால், அந்தப் பார்வைக் கோட்டை மறைக்க 10 அடி உயரம் போதும். அதே மரத்தை 15 அடி தள்ளி வைத்தால் 17 அடி வேண்டும். நமக்கு அருகில் நிற்கும் மரம் குறைந்த உயரத்திலேயே மறைத்துவிடும்; 10 அடி என்பது நல்ல நெட்டிலிங்கக் கன்றுக்கு இரண்டு மூன்று வருஷ வேலை. ஆனால் மறைக்க வேண்டியது ஜன்னலையா, முற்றத்தையா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். மேலிருந்து முற்றத்தைப் பார்க்கிறார்கள் என்றால் மதிலோரம் உயரமான வரிசைதான் வழி.

அடுத்தது மண் பட்டையின் அகலம். ஒரு கிரவுண்டு மனையில் பக்கவாட்டில் விடும் இடம் பெரும்பாலும் 5 அடி. அதில் சிலிண்டர் தூக்கிப்போக, பிளம்பர் நடக்க 3 அடி வேண்டும். மிச்சம் 2 அடி. அந்த 2 அடியில் எந்த மரத்தையும் நடாதீர்கள். மேலே ஒல்லியாக இருக்கிற மரத்துக்கு வேரும் ஒல்லியாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அங்கே கம்பி வலை அடித்துக் கொடி ஏற்றுவது புத்திசாலித்தனம். நெட்டிலிங்கத்துக்கு மதிலிலிருந்து குறைந்தது 4 அடி, வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 6 அடி விடுங்கள். சம்ப், செப்டிக் டேங்க், சாக்கடைக் குழாய் ஆகியவற்றிலிருந்து 10 அடிக்குக் குறையக் கூடாது. தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். போனால் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஏன் என்பது உச்சி வெட்டுவது பற்றிப் பேசும்போது புரியும்.

வெயிலையும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வரும் சந்தில் நட்டால் மரம் அந்தப் பக்கமே சாயும், நிழல் பக்கத்து இலைகள் உதிர்ந்து பாதி மொட்டையாக நிற்கும்.

சமவெளிக்கு நெட்டிலிங்கம்தான்

சென்னையோ திருச்சியோ மதுரையோ, சமவெளித் தமிழ்நாட்டுக்கு முதல் தேர்வு நெட்டிலிங்கம். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மரம் என்பதால் நிறையப் பேர் முகம் சுளிக்கிறார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம் இது. நம் கோடையும் நம் மழையும் அதற்குப் பழக்கம். 40 அடிக்கு மேல் வளர்ந்தாலும் தொங்கு வகையின் அகலம் 4, 5 அடியைத் தாண்டுவது அபூர்வம். சீதாப்பழக் குடும்பம். பச்சை நட்சத்திரம் போன்ற பூ கோடைத் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் மட்டும் இருக்கும். பூ என்றே பலருக்குத் தெரியாது.

நர்சரியில் "அசோகா" என்றுதான் பெயர். ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும் உண்மையான அசோக மரம் வேறு, அது படர்ந்து வளரும். அதனால் "தொங்கு நெட்டிலிங்கம்" என்று கேட்டு வாங்குங்கள். நெட்டிலிங்கத்திலேயே கிளை விரித்துப் பெருமரமாகும் வகையும் உண்டு. விதையிலிருந்து வரும் கன்றுகளில் எல்லாமே ஒரே மாதிரி தொங்குவதில்லை. ஓரடிக் கன்றில் வித்தியாசம் தெரியாது. நாலடி, ஐந்தடிக் கன்றில் பக்கக் கிளைகள் தண்டிலிருந்து கிளம்பி உடனே கீழே வளைகின்றனவா என்று பார்த்துவிடலாம். ஒரு கன்றில் கிளை கிடையாக நீட்டிக்கொண்டிருந்தால் அதை வரிசையில் சேர்க்காதீர்கள்.

கன்றைப் பொறுக்குவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கின்றன. முதலில் நுனியைப் பாருங்கள். தாமிர நிறத்தில் மெல்லிய புதுக்குருத்து இருக்க வேண்டும். நுனி கருகியோ முறிந்தோ இருந்தால், அல்லது இரண்டாகப் பிரிந்து கவை விட்டிருந்தால், விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம் அது கட்டப்பட்டிருக்கும் குச்சியை அவிழ்க்கச் சொல்லுங்கள். நர்சரிக்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை. அவிழ்த்ததும் கன்று தானாக நிற்க வேண்டும். பென்சில் பருமனில் எட்டடி உயரம் வளர்ந்த கன்று அவிழ்த்தவுடன் வில்லாக வளைந்து தரையைத் தொடும். நெருக்கி அடுக்கி வைத்ததால் வெளிச்சத்தைத் தேடி இழுத்துப்போன கன்று அது. அதைவிடக் கட்டைவிரல் பருமனில், அடிவரை இலையோடு நிற்கும் ஐந்தடிக் கன்று மேல்; மூன்று வருஷத்தில் எட்டடிக்காரனை எட்டிப் பிடித்துவிடும்.

பிறகு பையைத் திருப்பி அடியைப் பாருங்கள். பையின் ஓட்டை வழியாக விரல் தடிமனில் ஒரு வேர் வெளியே வந்து, புதிதாக அறுத்த வெட்டு தெரிந்தால், அந்தக் கன்று நர்சரித் தரையில் வேர்விட்டு நின்றது என்று பொருள். இப்போதுதான் பிடுங்கியிருக்கிறார்கள். நட்ட ஒரு வாரத்தில் இலை முழுக்கக் கொட்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதே நர்சரியில் நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்து, புதுத் துளிர் வந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருப்பது இன்னொரு தொல்லை. ஆணிவேர் பையின் அடியில் முட்டி வளையமாகத் திரும்பிவிட்டால், மரம் இருபதடி வளர்ந்த பிறகும் அந்த வளையத்தின் மேல்தான் நிற்கும். புயலில் வேரோடு சாயும் நெட்டிலிங்கங்களின் அடியைக் கவனித்தால் பலவற்றில் இந்த முடிச்சு தெரியும்.

ஆந்திரத்தின் கடியம் பகுதியிலிருந்து லாரியில் வரும் கன்றுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. வேரைச் சுற்றி இறுக்கமான களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே குழியில் வைத்தால், காய்ந்த உருண்டை சுருங்கி, ஊற்றும் தண்ணீர் எல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும். குழி ஈரமாக இருக்கும், வேர் வறண்டு சாகும். நடுவதற்கு முன் உருண்டையைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்கக் களிமண்ணை ஓரங்குலம் அளவுக்கு விரலால் கரைத்துவிட்டு நடுங்கள். உருண்டை முழுவதையும் உடைக்க வேண்டாம். சிறு வேர்கள் அறுந்துவிடும்.

குழியும் முதல் கோடையும்

குழி இரண்டுக்கு இரண்டு, ஆழமும் இரண்டடி. கெட்டியான களிமண் நிலமாக இருந்தால் மூன்றடி அகலம் எடுங்கள், ஆழத்தைக் கூட்ட வேண்டாம். வீடு கட்டிய மனையில் மதிலோரம் தோண்டினால் சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு, ஜல்லி என்று வரும். அத்தனையையும் பொறுக்கி எடுங்கள். சுண்ணாம்புச் சத்து ஏறிய மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. அதன் மூலகாரணம் பல வீடுகளில் இந்தக் கட்டட இடிபாடுதான். மேல்மண்ணோடு நன்றாக மக்கிய சாணி எரு பத்துக் கிலோ, வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ, களிமண் என்றால் ஒரு கூடை மணல் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணியைப் போட்டால் சூடேறி வேர் வெந்துபோகும், கறையானும் வரும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தரையிலும் இருக்க வேண்டும். அசையாமல் நிற்கட்டும் என்று தண்டை அரையடி புதைத்து நடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். தண்டின் அடி அழுகுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வரிசையில் மரத்துக்கு மரம் 6 அடி இடைவெளி விட்டால் நாலைந்து வருஷத்தில் திரை ஏறக்குறையச் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் தனித்தனிக் கூம்பாகத் தெரிய வேண்டும் என்றால் 8 அடி. அவசரத்தில் 3 அடிக்கு ஒன்று நடுகிறவர்கள், ஏழாவது எட்டாவது வருஷத்தில் நடுநடுவே காய்ந்த அடிக்கிளைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். 60 அடி மதிலுக்கு இரு முனையிலும் சுமார் 6 அடி விட்டு 6 அடிக்கு ஒன்று என்றால் ஒன்பது கன்று.

கன்றுக்கு ஓரடி தள்ளி ஒரு சவுக்குக் கழி ஊன்றி, சணல் கயிற்றை எட்டு வடிவில் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அடி பருக்கும். ஒரு வருஷத்தில் கழியை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கயிறும் கட்டுக்கம்பியும் வேண்டவே வேண்டாம். மறந்துபோனால் பட்டைக்குள் இறங்கிவிடும், அந்த இடத்தில்தான் பின்னால் ஒடியும்.

நடும் காலம் வடகிழக்குப் பருவமழை நம்பும் மாவட்டங்களுக்கு ஆவணி, புரட்டாசி. கோவை, கன்னியாகுமரிப் பக்கம் ஆனியிலேயே நடலாம். முதல் இரண்டு மாதம் மழை இல்லாத நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பத்து முதல் பதினைந்து லிட்டர். பிறகு வாரம் இரண்டு முறை, இருபது லிட்டர். தினமும் ஹோஸ் பைப்பால் ஒரு தெளி தெளிப்பது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். பாத்தியை ஒவ்வொரு வருஷமும் அரையடி வெளியே தள்ளுங்கள். மூன்றாம் வருஷத்தில் தண்ணீர் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பேவர் பிளாக் போடுகிறவர்கள் ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் மூன்றுக்கு மூன்றடி மண்ணை மூடாமல் விடுங்கள். இரண்டாவது கோடையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இந்த மரம் எந்த வயதிலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ஐப்பசி மழையில் மதிலோரம் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது என்றால், நடும்போதே ஓரடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

உச்சியைத் தொட்டால்

இனி வெட்டும் கதை. நெட்டிலிங்கத்தின் நுனிக்குருத்தில் உண்டாகும் ஆக்சின் என்கிற வளர்ச்சிப்பொருள் தண்டு வழியே இறங்கி, பக்கத்து மொட்டுகள் தலைதூக்காமல் அடக்கிவைக்கிறது. உச்சியை வெட்டிய மறுநாளே அந்த அதிகாரம் போய்விடும். அடுத்த மழையில் வெட்டுக்குக் கீழே நாலைந்து மொட்டு ஒரே நேரத்தில் கிளம்பும். ஒவ்வொன்றும் தானே தலைவன் என்று நேராக மேலே எழும். இரண்டு வருஷத்தில் ஒல்லித் தண்டின் மேல் துடைப்பக் கட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒரு கொத்து. அந்தக் கொத்து வெட்டுக்காயத்தின் விளிம்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் தண்ணீர் தேங்கி மரம் உளுத்திருக்கும். கார்த்திகைக் காற்று ஒன்று போதும், கொத்தோடு பிய்ந்து காரின் மேல் விழும். மின்கம்பிக்கு அடியில் நட்ட மரங்களுக்கு வருஷம் தவறாமல் நேர்வது இதுதான்.

ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள் என்றால் ஓரளவு சரிசெய்யலாம். புதிதாகக் கிளம்பியதில் தண்டுக்கு நேர்மேலாக, தடிமனாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மூங்கில் குச்சியைத் தண்டோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்டி, அந்தத் துளிரை அதில் நேராக நிறுத்துங்கள். மற்றதை ஒரே நாளில் அறுக்க வேண்டாம். முதலில் நுனிகளை மட்டும் கிள்ளி அவற்றின் வேகத்தைக் குறையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டை எடுங்கள், அடுத்த வருஷம் மிச்சத்தை. மரம் பழைய அழகுக்கு முழுதாகத் திரும்பாது, ஆனால் காற்றுக்கு நிற்கும்.

அடிக்கிளைகளைக் "கிளீன்" செய்கிற பழக்கத்தையும் விடுங்கள். ஆள் உயரத்துக்கு இலையை மழித்துவிட்டால் மறைப்புக்காக வைத்த மரம் அந்த உயரத்தில் எதையும் மறைக்காது. தோரணத்துக்கு இலை பறிப்பவர்கள் கிளையை ஒடிக்காமல் இலையை மட்டும் கிள்ளினால் நல்லது.

பூச்சி பெரிய பிரச்சினை இல்லை. இலைமேல் கரி பூசியது போல் கருப்பு படிந்தால், மேலே எங்கோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது, எறும்பு அதைக் காவல் காக்கிறது என்று அர்த்தம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒரு முறை மூன்று வாரம் அடியுங்கள். மஞ்சள் இலைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துத் தெளிக்கலாம். மண்ணில் கிடக்கும் சிமென்டை எடுக்காவிட்டால் மறுபடி மஞ்சளாகும். இலையைக் கடித்துத் தின்னும் பச்சைப் புழுவைக் கொல்லாதீர்கள். கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகளோடு ஓயாமல் படபடக்கும் டெயில்டு ஜே வண்ணத்துப்பூச்சியின் புழு அது. மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பழம் கறுத்துப் பழுக்கும் காலத்தில் குயிலும் வௌவாலும் வரும். மரத்தடியில் வெள்ளைக் கார் நிறுத்துகிறவர்கள் அந்த மாதங்களில் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை

கமுகுதான் உண்மையில் எல்லாவற்றிலும் ஒல்லி. ஆனால் இலை உச்சியில் மட்டும் இருக்கும். ஆறேழு வருஷத்தில் கண்மட்டத்தில் வெறும் தண்டு வரிசைதான். மறைப்புக்கு ஆகாது, அழகுக்கு ஆகும். தண்ணீர் தாராளமாக உள்ள இடத்தில் ஐந்தடிக்கு ஒன்று நடலாம். தென்மேற்கு வெயில் நேரே விழும் இடத்தில் இளந்தண்டு வெந்து மஞ்சளாகி வெடிக்கும். அந்தப் பக்கம் நாலைந்து வருஷம் வாழை நிழல் வேண்டும். குத்தாக வளரும் அரேகா பாம் அடியிலிருந்தே இலையோடு இருப்பதால் குட்டையான மறைப்புக்கு நல்லது. பக்கக் கன்றுகளை வருஷம் ஒருமுறை எடுத்துக் குத்துக்கு ஏழெட்டுத் தண்டாக வைத்திருக்காவிட்டால் ஆறேழு அடி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மரமல்லி நெடுநெடுவென்று வளரும், மணம் ஊரைக் கூட்டும். ஆனால் கட்டை முறியும் ஜாதி, வேரிலிருந்து ஆங்காங்கே கன்றும் கிளப்பும். வீட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி இடம் இருந்தால் வையுங்கள், மதிலோரம் வேண்டாம்.

துஜாவைச் சமவெளியிலும் வளர்க்கலாம், எட்டுப் பத்தடிக்குள் அடங்கும். வாங்கும்போது அடியில் ஒரே தண்டாக இருக்கிறதா என்று இலையை விலக்கிப் பாருங்கள். நாலைந்து தண்டு சேர்ந்து கிளம்பியது நர்சரியில் கொழுகொழு என்று இருக்கும். இரண்டு பெருமழை பட்டால் புத்தகம் திறந்தது போல் விரிந்துவிடும். விரிந்ததை உள்பக்கமாகத் தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றிக் கட்டலாம். உள்ளே பழுப்பேறுவது இயல்பு. ஆனால் கத்தரிக்கோல் பச்சை இலையைத் தாண்டிப் பழுப்புக் கட்டைக்குள் போகக் கூடாது. அங்கிருந்து திரும்பத் துளிர்க்காது, நிரந்தரப் பொத்தல்தான். பங்குனி, சித்திரையில் இலை சாம்பல் பூத்தால் சிவப்புச் சிலந்திப் பேன். காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

டிசம்பரில் தொட்டியில் விற்கும், கிள்ளினால் எலுமிச்சை வாசம் வரும் மஞ்சள்பச்சைக் கோல்டன் சைப்ரஸைச் சென்னையில் வாங்கினால் அதைப் பூங்கொத்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அது குளிர்க் கடலோரத்து மரத்தின் வழித்தோன்றல். நம் சித்திரையைப் பார்க்காது. இத்தாலியப் படங்களில் தூண் தூணாக நிற்கும் சைப்ரஸும் இங்கே ஒத்துவராது. மழை குளிர்காலத்திலும் வறட்சி கோடையிலும் இருக்கும் மத்தியதரைக் கடல் நாட்டு மரத்துக்கு, நம் ஊர்ப் புழுக்கமும் ஐப்பசி அடைமழையும் வேரழுகல்தான் தரும். ஊட்டி, கொடைக்கானலில் வீடு உள்ளவர்களுக்குக் கதையே வேறு. 1848-ல் ஊட்டித் தாவரவியல் பூங்கா தொடங்கிய காலத்திலிருந்தே வெளிநாட்டு மரங்கள் அந்த மண்ணில் பழகியவை, சைப்ரஸ் வேலிகள் அங்கே நன்றாக வரும். தண்ணீர் வடியும் சரிவில் மூன்று நாலடிக்கு ஒன்று நட்டு, சிறு வயதிலிருந்தே பக்கங்களை மட்டும் லேசாகக் கத்தரித்து வாருங்கள். முற்றிய கட்டையில் வெட்டினால் துஜாவைப் போலவே இதுவும் துளிர்க்காது. (மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான ஊசியிலைக் கூட்டத்து மரம் ஒன்றே ஒன்றுதான், நாகேயா வாலிச்சியானா. அதற்கு ஊசி இலையே கிடையாது, அகலமான இலை. நர்சரிக்காரர்கள் யாராவது அதைப் பெருக்கினால் மலைவீடுகளுக்கு அருமையான மரமாக இருக்கும்.)

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படும் அரௌகேரியாவில் பெரும்பாலானவை நார்ஃபோக் தீவு வகை என்ற பெயரில் வரும் குக் பைன்கள். குக் பைனுக்கு ஒரு விசித்திரம்: நிலநடுக்கோட்டுப் பக்கமாகச் சாயும். பல நாடுகளில் அளந்து 2017-ல் வெளிவந்த ஆய்வில் சராசரிச் சாய்வு 8 பாகைக்குச் சற்று மேல். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குச் சாய்வு குறைவு, ஆனால் சாய்ந்தால் தெற்கே சாயும். கழி ஊன்றி நிமிர்த்த முயல்வது வீண். அறுபது எழுபது அடி போகும் மரம். ஒரு கிரவுண்டு மனைக்கு இது பொருத்தமே இல்லை.

மழை அதிகமுள்ள கன்னியாகுமரி மலையடிவாரத்திலோ இலங்கையின் ஈர வலயத்திலோ இருப்பவர்கள் நாக மரத்தை யோசிக்கலாம். 1986-ல் இலங்கை தேசிய மரமாக அறிவித்தது இதைத்தான். இளமையில் தானாகவே அழகான கூம்பு, புதுத் தளிர் ரத்தச் சிவப்பு. வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும் என்பது ஒன்றுதான் குறை. பேரப்பிள்ளைகளுக்கு வைப்பதாக நினைத்து வையுங்கள்.

கடற்கரையை ஒட்டிய முதல் வரிசையில் உப்புக்காற்று நெட்டிலிங்கத்தின் கடல்பக்க இலையைப் பொசுக்கும். அங்கே முன்னால் சவுக்கை நெருக்கி நட்டு, வருஷம் மூன்று முறை கத்தரித்து எட்டடி வேலியாக வைத்துக்கொண்டு, அதன் பின்னால் நெட்டிலிங்கம் வைக்கலாம்.

கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தை யாராவது "ஆறு மாசத்தில் பச்சைச் சுவர்" என்று விற்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சாக்கடைக் குழாய்க்குள்ளும் கேபிள் பள்ளத்திலும் வேர் புகுந்து அடைப்பது அதன் வழக்கம். மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை வருவதாகவும் புகார். குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதற்குத் தடை போட்டுவிட்டன. ஃபைகஸ் வேலியும் அண்ணன் தம்பிதான். மதில் விரிசல் விடும்வரை வெட்டி வெட்டி அழகாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. வரிசைக்கு ஒன்பது கன்று வேண்டும் என்றால் அதே நர்சரியில், அதே நாளில், அதே உயரத்தில் பதினொன்று வாங்குங்கள். கூடுதல் இரண்டையும் பெரிய பையிலோ பழைய பிளாஸ்டிக் டிரம்மிலோ மாற்றி, வெயில் படும் மூலையில் வையுங்கள். முதல் கோடையில் வரிசையில் ஏதாவது ஒன்று போனால் ஆவணியில் அதே வயதுக் கன்றை இறக்கிவிடலாம். இரண்டு வருஷம் கழித்துப் புதுக் கன்று தேடி நட்டால், இருபுறமும் வளர்ந்தவற்றின் நிழலில் அது கடைசிவரை குட்டையாகவே நிற்கும். மிஞ்சிய இரண்டையும் இரண்டாம் வருஷம் முடிவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் டிரம்மில் வைத்திருந்தால் வேர் சுற்ற ஆரம்பித்துவிடும்.